பார்வையற்றவருக்காகத் தேர்வு எழுதப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வையற்ற மாணவர் வாயால் பதில் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தாளில் எழுதுகிறவருக்குத் தேர்வுத்துறை வைத்திருக்கும் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’. நடைமுறையில் எல்லோரும் ஸ்கிரைப் என்றுதான் சொல்கிறோம். ஆறு வருடமாகச் சென்னையில் இதைச் செய்துவருகிறேன். மற்ற நேரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒவ்வொரு செமஸ்டர் வரும்போதும் புதிதாகச் சேர நினைப்பவர்கள் போன் செய்து கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

அவர்களே பிரெய்லில் எழுதிவிடலாமே, எதற்கு இன்னொருவர்?

எழுதலாம். நாம் பேனாவால் எழுதும் வேகத்தில் குத்தித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாளைத் திருத்துவது யார்?

லூயி பிரெய்ல் என்ற பிரெஞ்சுக்காரர் 1824இல், தமது 15ஆம் வயதில், ஆறு புள்ளிகளை வைத்து இந்த முறையை உருவாக்கினார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் வந்தது. தமிழ் ‘க’வுக்கும் இந்தி ‘க’வுக்கும் ஒரே புள்ளிகள்தான். இத்தனை காலம் ஆகியும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். பையன் பிரெய்லில் எழுதிக் கொடுத்தால் அதை நம் எழுத்துக்கு மாற்ற மறுபடி ஓர் ஆள் வேண்டும்.

பிரெய்ல் எழுதுவதை ஒருமுறை பக்கத்திலிருந்து பாருங்கள். ஸ்லேட் என்ற சட்டத்தில் தடித்த தாளைச் செருகி, ஸ்டைலஸ் என்ற குத்தூசியால் பின்பக்கமாகக் குத்த வேண்டும். அதனால் வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். பிறகு தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

கம்ப்யூட்டரில் எழுதும் வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் 2006இல் தொடங்கி இன்றுவரை இலவசம். வீட்டில் அதை வைத்துப் படிக்கிற மாணவர்கள் நிறையப் பேர். தேர்வு மையத்துக் கம்ப்யூட்டரில் அது இருக்க வேண்டும், தமிழ் தட்டச்சு வேலை செய்ய வேண்டும், நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிவரும் வரைக்கும் நமக்கு வேலை இருக்கிறது. அப்புறம், பதினெட்டு இருபது வயதில் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரல்நுனிக்கு அந்தப் புள்ளிகள் பிடிபட வெகுநாள் ஆகும்.

நான் பன்னிரண்டாவதுதான் படித்திருக்கிறேன். என்னால் முடியுமா?

பன்னிரண்டாவதோடு நின்றதால்தான் உங்களால் முடியும்.

மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை 2018 ஆகஸ்ட்டில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தேர்வர் தாமே ஸ்கிரைபை அழைத்துவந்தால், அந்த ஸ்கிரைபின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்பது அதில் இருந்த விதி. 2025இல் அதற்குப் பதிலாகப் புது வழிகாட்டுதல் வந்துவிட்டது, ஆனால் ஸ்கிரைபின் படிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. பி.ஏ. தேர்வு எழுதுகிற மாணவருக்கு இன்னொரு பி.ஏ. போய் உட்காரக் கூடாது. பிளஸ் டூ முடித்தவர் வேண்டும். ஸ்கிரைபே விடையைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. இந்த விதிகள் அவ்வப்போது மாறும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடவும் செய்யும். எனவே அந்தந்தத் தேர்வுக்கான சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

இதன் விளைவு வேடிக்கையானது. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஆசையாகப் போன் செய்வார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் அநேகமாகத் தேர்வே இருக்காது. ‘நான் பெரிசா ஒண்ணும் படிக்கலைங்க’ என்று தயங்குகிறவர்களைத்தான் தேடிக்கொண்டிருப்பேன். நானே பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றவள்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவர் பேனா எடுத்ததெல்லாம் மளிகைச் சாமான் லிஸ்ட்டுக்கும் ரேஷன் கடை மனுவுக்கும்தான். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். முதல் நாள் கல்லூரி வாசலில் நின்றுகொண்டு, ‘உள்ள போகவா வேணாமா’ என்று எனக்குப் போன் செய்தார். நாலு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் வலது மணிக்கட்டை இடது கையால் பிசைந்தபடி, ‘காலேஜுக்குள்ள காலெடுத்து வச்சதே இன்னிக்குத்தான்டி’ என்றார். இப்போது மாணவர்கள் முதலில் கேட்பது அவரைத்தான். நான் இரண்டாவது சாய்ஸ்.

யாரைப் போய்க் கேட்பது?

பார்வையற்ற மாணவர்கள் அதிகம் படிக்கிற கல்லூரிகளில் கேளுங்கள். சென்னையில் மாநிலக் கல்லூரி ஒன்று. அங்கே துறை அலுவலகத்தில் கேட்பதைவிட, வெள்ளைக்கோலோடு வருகிற ஒரு மாணவரிடமே ‘ஸ்கிரைப் வேணுமா?’ என்று கேட்டுவிடுவது சுருக்கு வழி. அவர் உங்கள் எண்ணை அவர்களுடைய வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவார். ஒரு வாரத்தில் உங்களுக்குப் போன் வரத் தொடங்கும். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். வெளியூர்க்காரர்கள் பக்கத்திலுள்ள அரசு கலைக்கல்லூரியில் தொடங்குங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வுக்கும் எழுதலாமா?

முடியாது. அங்கே தேர்வுத்துறையே ஆசிரியர்களை நியமிக்கிறது. நமக்கு வேலை கல்லூரித் தேர்விலும் போட்டித் தேர்விலும்தான்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மூன்று மணி நேரத் தேர்வென்றால் நாலு மணி நேரம். ஒரு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று அதே 2018 வழிகாட்டுதல் சொன்னது. காலை 10 மணித் தேர்வு 2 மணிக்கு முடியும். மற்ற மாணவர்கள் 1 மணிக்குக் கிளம்பும் சத்தம் வராந்தாவில் கேட்கும்போது உங்களுக்கும் வயிற்றில் மணியடிக்கும், ஆகவே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். போக வர எல்லாம் சேர்த்தால் முழு நாள் என்றே கணக்கு வையுங்கள்.

மாணவர் தப்பாகச் சொல்கிறார், சரியான விடை எனக்குத் தெரியும். திருத்தலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் போகத் தொடங்கி மூன்றாவது வருடம், ஒரு நவம்பர் மாதம். பி.ஏ. வரலாறு. தம்பி நன்றாகப் படித்திருந்தான், கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தான். ‘வேலூர்க் கலகம் 1808ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள்…’ என்றான். என் அம்மாவுக்குச் சொந்த ஊர் வேலூர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் கோட்டைக்குக் கூட்டிப்போவார்கள், 1806 என்பது எனக்கு வீட்டு நம்பர் மாதிரி. ‘180’ வரைக்கும் எழுதிவிட்டுப் பேனா தானாக நின்றது.

‘என்னக்கா?’ என்றான்.

‘ஒண்ணுமில்ல, சொல்லு.’ எட்டு என்றே எழுதினேன்.

கடைசியில் அந்தப் பதிலை ஒருதரம் படிக்கச் சொன்னான். மற்ற வரிகளைப் படித்த அதே குரலில் 1808 என்று படித்தேன். அவன் கவனிக்கவில்லை. மணி அடித்தது, தாளைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெளியே டீக்கடையில் கேட்டான், ‘அந்த இடத்துல எதுக்குக்கா நின்னீங்க?’ சொன்னேன். கண்ணாடி கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஏன் சொல்லவில்லை என்று கோபப்படப் போகிறான் என்று நினைத்தேன். ‘இனிமே நிக்கக்கூட நிக்காதீங்க’ என்றான். ‘நிக்கிறதே க்ளூதானே? நான் மட்டும் உஷாரா இருந்திருந்தா மாத்தியிருப்பேன். அப்ப அந்த மார்க் யாரோடது?’

பார்வையற்ற மாணவர் நல்ல மார்க் வாங்கினால், ‘கூட வந்தவங்க போட்டுக் கொடுத்திருப்பாங்க’ என்று சொல்ல நாலு பேர் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். சக மாணவர்களும் சொல்வார்கள், சில ஆசிரியர்களும் சொல்வார்கள். நேர்முகத் தேர்வில் ஜாடைமாடையாகக் கேட்பார்கள். நாம் ஒருமுறை ஒரு ஆறை எட்டாகவோ எட்டை ஆறாகவோ மாற்றினால், அந்த நாலு பேர் பேச்சு உண்மையாகிவிடும். உதவ வந்தவர்களுக்கு இதுதான் கஷ்டமான பாடம். நல்ல மனசோடு போயிருப்போம், கை பரபரக்கும். அடக்கிக்கொண்டு உட்காருவதற்குத்தான் போயிருக்கிறோம்.

சட்டப்படி பார்த்தாலும் அது முறைகேடு. பிடிபட்டால் தாள் ரத்தாவது அவருக்கு, நாம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அந்த நாளுக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே மாதிரி ஒரு ‘ம்’ போடுவேன். சரியான விடைக்கும் அதே ‘ம்’, மகா தப்பான விடைக்கும் அதே ‘ம்’. சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. வீட்டில் யாரையாவது தப்புத் தப்பாகச் சொல்ல வைத்துப் பழகிப் பாருங்கள், அப்போது தெரியும்.

காதில் சரியாக விழவில்லை என்றால் மட்டும் தாராளமாகத் திரும்பக் கேளுங்கள். அது உங்கள் வேலைதான்.

ஹாலுக்குள் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் தரைத்தளத்தில் தனி அறை கொடுப்பார்கள். ஒரே அறையில் இரண்டு ஜோடியைப் போட்டுவிட்டால் முடிந்தவரை தள்ளி உட்காருங்கள், பக்கத்து மேஜைப் பதில் இந்தப் பக்கம் வந்து விழும்.

கேள்வித்தாள் வந்ததும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மார்க், ‘அல்லது’, ‘ஏதேனும் ஐந்து’ எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். நாம் கேள்வித்தாளை ஒரு பார்வை பார்த்தால் முழுப் படமும் மனதில் பதிந்துவிடும். அவர் அந்தப் படத்தை நம் குரலை வைத்தே வரைந்துகொள்ள வேண்டும். சிலர் விரலை மடித்து எண்ணிக்கொள்வார்கள். சிலர் ஸ்லேட்டில் கேள்வி எண்களைக் குத்தி வைத்துக்கொள்வார்கள். அவசரப்படுத்த வேண்டாம். இதற்குப் பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

அவர் கேள்விகளை வரிசைமாற்றி எழுதச் சொல்வார். ஓரத்தில் கேள்வி எண்ணைச் சரியாகப் போடுவது உங்கள் பொறுப்பு. ஸ்கிரைபால் மார்க் போனது என்று நான் கேள்விப்பட்டவற்றில் பாதி இந்த எண் குழப்பம்தான். 12 ஆ என்று போட வேண்டியதை 12 அ என்று போட்டால் அதைக் கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை.

‘எத்தனை பக்கம் ஆச்சு?’ என்று கேட்டால், ‘மூணாவது பக்கம், பாதி’ என்று அளந்து சொல்லுங்கள். ‘நிறைய எழுதிட்டோம்’ என்பது பதில் அல்ல. நடுவில் யாராவது கையெழுத்து வாங்க வந்தால் சிந்தனை அறுந்துபோகும். அவர் கேட்பதற்கு முன் கடைசி வாக்கியத்தை வாசித்துக் காட்டுங்கள். தலைப்புக்கு அண்டர்லைன் போடுவதா, புதுப் பத்தி எங்கே என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். சொல்ல மறந்தால் மறந்ததுதான்.

படம் வரைக, வரைபடத்தில் குறி என்ற கேள்விகளுக்குப் பல தேர்வுகளில் மாற்றுக் கேள்வி இருக்கும். அது கேள்வித்தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும், தேடிப் படியுங்கள்.

எழுத்துப்பிழை யார் கணக்கில்?

ர, ற, ல, ள, ழ எல்லாம் நம் கணக்கில்தான். அதனால்தான் தமிழில் நன்றாக எழுத வருகிறவர்களைத் தேடுகிறோம். தமிழ் இலக்கிய மாணவர்கள் விஷயம் வேறு. ‘அங்க ஒற்று போட்டீங்களா?’ என்று நம்மையே கேள்வி கேட்பார்கள். எம்.ஏ. தமிழ் எழுதிய ஒரு பெண், நான் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது கண்டுபிடித்து, ‘க்’ வேண்டாம் என்று அடிக்கச் சொன்னாள். கண் தெரிகிற நான் இத்தனை வருடம் எல்லாப் பிறந்தநாள் கார்டிலும் அந்த ‘க்’கைப் போட்டிருக்கிறேன்.

அறிவியல் பெயர், வெளிநாட்டுப் பெயர் வந்தால் எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் ஒலிக்கேற்ப எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அப்படியே எழுதுவதா என்பதைத் தேர்வு தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அவர்களிடம் எப்படிப் பழகுவது? தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சாதாரணமாகப் பேசுங்கள். ‘நேத்து மேட்ச் பார்த்தியா?’ என்று கேட்டால் யாரும் புண்பட மாட்டார்கள், ஸ்கோரே சொல்வார்கள். கத்திப் பேசாதீர்கள், கண்ணில்தான் குறை, காதில் இல்லை. கூட வந்தவரிடம் ‘இவருக்கு டீ வேணுமா?’ என்று கேட்காதீர்கள்.

அழைத்துப்போகும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை அவர் கையில் படும்படி நீட்டுங்கள், அதற்கு மேலே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். நாற்காலியில் அழுத்தி உட்கார வைக்காதீர்கள், முதுகுச் சாய்மானத்தில் அவர் கையை வைத்துவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கிளம்பும்போது ‘நான் போறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் போய்விட்டு, அவர் காற்றோடு பேசும்படி விடுவது கொடுமை. நான் செய்திருக்கிறேன்.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்றும் கேட்கிறார்கள். அரசுத் தாள்களில் பார்வை மாற்றுத்திறனாளி. எனக்குத் தெரிந்த மாணவர்கள் தங்களைப் பார்வையற்றவர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தக் கேள்வியே வராது.

பணம் தருவார்களா?

தேர்வு நடத்துகிறவர்களே ஸ்கிரைபை ஏற்பாடு செய்யும்போது சில இடங்களில் சிறு தொகை தருவார்கள். மாணவர் அழைத்து நாம் போனால் ஒன்றும் கிடையாது. மாணவர்களிடம் பஸ் காசுகூட வாங்குவதில்லை என்பது எங்கள் குழுவின் வழக்கம். ஆனால் தேர்வு முடிந்து அவர் வாங்கித் தரும் டீயை மட்டும் மறுக்காதீர்கள். நாம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டுமே வாங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிக்காது.

ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் போக முடியாமல் போனால்?

இதில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது வருடம். மழை, இரவு சரியாகத் தூக்கமில்லை, அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது 10.25. அந்தப் பெண் கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாள் கையில் இருக்கிறது, அதில் ஒரு வரி அவளுக்கு எட்டாது. 25 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். ‘வந்துட்டீங்களா, சரி படிங்க’ என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. இழந்த நேரத்தை யாரும் கூட்டித் தரவில்லை.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு பெயர். ஒருவர் போவார், இன்னொருவர் காலை 9.30 வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். மாற்று ஆளின் விவரத்தையும் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வோம். முடியுமா என்று சந்தேகம் இருந்தால் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். ‘பார்க்கிறேன்’ என்ற சொல்தான் ஆபத்து.

உள்ளே விட மாட்டேன் என்று தகராறு செய்தால்?

செய்வார்கள். ஒரு கல்லூரியில் படிவத்தில் என் போட்டோ ஒட்டவில்லை என்று 40 நிமிடம் நிறுத்திவைத்தார்கள். போட்டோ என் பையில்தான் இருந்தது, ஒட்டுவதற்கு அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி டிபன் சாப்பிடப் போயிருந்தார்.

ஆதார், உங்கள் கடைசிப் படிப்புச் சான்றிதழின் நகல், இரண்டு போட்டோ, மாணவரின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், கல்லூரி கொடுத்த அனுமதிக் கடிதம், ஒரு பசைக் குச்சி. முந்தின நாளே அலுவலகத்தில் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதித் தகராறு குறையும். தேர்வு நடத்துகிறவர்களே ஸ்கிரைப் தருவதானால் இரண்டு நாள் முன்னதாக அவரைச் சந்திக்க மாணவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்று 2018 வழிகாட்டுதலில் இருந்தது. இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதலின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். காட்டியதும் குரல் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பார்வையற்றவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. இரண்டு கைகளும் பாதிக்கப்பட்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோரும் ஸ்கிரைப் கேட்கலாம். எழுத முயன்றால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்கு, 40 சதவீத ஊனம் என்ற வரம்புக்குள் அவர் வரவில்லை என்று சொல்லி ஸ்கிரைப் மறுக்கப்பட்டது. விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. என்ற அந்த வழக்கில், அப்படி மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு எழுதப் போகிறவர்கள் இரண்டு மூன்று தடவை முன்கூட்டியே போய்ப் பேசிப் பழகுங்கள். பேச்சு புரிய நேரமாகும். புரியாததைப் புரிந்ததுபோல் எழுதிவிடுவது மிகப் பெரிய தவறு.

வேலைநாளில் வர முடியாது. வேறு என்ன செய்யலாம்?

வாசித்துப் பதிவு செய்து கொடுங்கள். இதற்கு ஆள் தேவை இன்னும் அதிகம். இன்று போனே தமிழை வாசிக்கிறது. ஆனால் மங்கலான ஜெராக்ஸ், பேராசிரியர் கையால் எழுதிய நோட்ஸ், பழைய பாடநூல் என்று வந்தால் அது உளறும்.

புத்தகத்தைப் பதிவு செய்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமா என்று கேட்கிறார்கள். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக லாப நோக்கமின்றி மாற்றிக் கொடுக்கலாம் என்று 2012இல் நம் காப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. உலக அளவில் இதற்காக 2013இல் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை ஆனது, 2014இல் அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியாதான். பதிவை மாணவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யூடியூபில் போடாதீர்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கோப்பு, தொடக்கத்தில் புத்தகப் பெயரும் பக்க எண்ணும். ஃபேனை அணைத்துவிடுங்கள். நடித்து வாசிக்க வேண்டாம், அவர்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள், உங்கள் நடிப்பெல்லாம் கார்ட்டூனாகிவிடும். நான் சமையலறையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து பொருளாதாரப் பாடம் ஒன்றைப் பதிவு செய்து அனுப்பினேன். கேட்டுவிட்டு அந்தத் தம்பி போன் செய்தான்: ‘அக்கா, மூணாவது பாடத்துல அஞ்சு விசில் வந்திருக்கு. பருப்பு குழைஞ்சிருக்குமே?’

இதற்கும் நேரமில்லை என்றால் பீ மை ஐஸ் என்ற செயலி இருக்கிறது. டென்மார்க்கில் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் யோசித்து 2015இல் வெளிவந்தது. உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பார்வையற்ற ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, பால் பாக்கெட்டில் தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார். நீங்கள் சொல்ல வேண்டும், ஒரு நிமிட வேலை.

இதனால் நிஜமாகவே ஒருவர் வாழ்க்கை மாறுமா?

பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வராது. படிப்பது அவர்கள், நினைவில் வைப்பது அவர்கள், சொல்வது அவர்கள். நாம் எழுதுகிறோம்.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையிழப்பு உள்ளவர்களில் அந்தப் பணிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அவருக்குப் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் அம்மா உட்கார்ந்து வாசித்துக் காட்டிய கதை பத்திரிகைகளில் வந்தது. பெங்களூரில் புஷ்பா ப்ரியா என்பவர் ஐ.டி. வேலையும் பார்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கான தேர்வுகளுக்கு ஸ்கிரைபாகப் போனவர். அவருக்கு 2018ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது கிடைத்தது. நான் 43 தேர்வு எழுதியிருக்கிறேன். அவர் கணக்கைக் கேட்டால் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

என் 43இல் அரியர் விழுந்ததும் உண்டு. ‘ஃபெயிலாகிவிட்டால் என் தப்பா?’ என்று புதிதாக வருகிறவர்கள் கவலைப்படுவார்கள். கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டு, நேரத்துக்குப் போயிருந்தால், இல்லை. படிக்காமல் வந்தால் அவர்களுக்கும் அரியர்தான், எல்லோருக்கும்போல.

முடிவு வந்ததும் நம்மிடம் சொல்வார்களா?

சிலர் சொல்வார்கள், பலர் சொல்ல மாட்டார்கள். எதிர்பார்க்காதீர்கள். வேலூர்க் கலகம் தம்பியும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. கடையில் ஜி.எஸ்.டி. கணக்குக்கு நடுவில் எடுத்தேன். எப்படி இருக்கிறாய், மார்க் என்ன ஆயிற்று என்று நான் தொடங்குவதற்குள்,

‘அக்கா, ஏப்ரல் 17 காலைல ஃப்ரீயா?’ என்றான்.